கட்டைவிரல் வரைக்கும் சோறு போக வேண்டும்

போன தீபாவளிக்கு முந்தின வாரம் அம்மா புந்தோங் கடைத்தெருவுக்குப் போய்விட்டு ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்ந்தார். கையில் முறுக்கு மாவும் ஒரு பொட்டலம் கச்சாங் பூத்தேயும். இடது காலில் ஜப்பான் சிலிப்பர் இருந்தது, வலது காலில் இல்லை. "செருப்பு எங்கம்மா?" என்று நான் கேட்ட பிறகுதான் குனிந்து பார்த்தார். ஈப்போவின் மத்தியான வெயிலில் கொதித்துக் கிடந்த தார் ரோட்டில் அந்தக் காலோடு நடந்து வந்திருக்கிறார். உள்ளங்காலில் இரண்டு கொப்புளம். "சுடவே இல்லையேப்பா" என்றார்.

அந்தக் காலை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் 27 வருஷம் பால்மரம் சீவிய கால் அது. விடிவதற்கு முன்பே, நெற்றியில் கட்டிய விளக்கின் வெளிச்சம் மரத்தின் மேல் இருக்க, கீழே சருகுக்குள் என்ன கிடக்கிறது என்று பார்க்காமலே தெரிந்துகொண்டு நடந்த கால். ஈரச் சருகு, வழுக்கும் வேர், வெடித்துச் சிதறிய ரப்பர் விதை, எல்லாவற்றையும் பாதமே படித்துச் சொல்லிவிடும். அப்படிப்பட்ட கால் இப்போது சுடு தாரைப் பற்றிக்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல முடியாமல் போனது எப்படி என்று தெரிய வேண்டுமானால், நன்றாக இருந்த காலத்தில் அது எப்படிச் சொல்லிக்கொண்டிருந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

காண்டாக் கம்பின் இரண்டு முனையிலும் பால் நிறைந்த வாளிகளைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் நிரையிலிருந்து ஸ்டோருக்கு நடக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். வலது உள்ளங்காலில் ஒரு முள் ஏறுகிறது. அடுத்த நொடி அவள் வலது காலைத் தூக்கிவிடுகிறாள், இடது கால் விறைத்து மொத்தப் பாரத்தையும் தாங்கிக்கொள்கிறது, வாளியில் ஒரு சொட்டு சிந்தவில்லை. இதெல்லாம் முடிந்த பிறகுதான் "ஐயோ" என்ற சொல் வருகிறது. வலி தெரிந்ததால் கால் தூக்கவில்லை. கால் தூக்கிய பிறகு வலி தெரிந்தது.

முள் குத்திய செய்தி மேலே போகும் வழியில் முதலில் நிற்கும் இடம் மூளை அல்ல, தண்டுவடம். முதுகெலும்புக்குள் சுண்டுவிரல் தடிமனில் இறங்கி வரும் அந்த வடத்திலிருந்து 31 இணை நரம்புகள் பக்கவாட்டில் பிரிகின்றன. மண்டைக்குள்ளிருந்து நேரே கிளம்பி முகத்துக்கும் கண்ணுக்கும் நாக்குக்கும் போகிறவை இன்னும் 12 இணை. மூளையும் தண்டுவடமும் சேர்ந்து மைய நரம்பு மண்டலம். இந்த இணைகளும் அவற்றின் கிளைகளும் புற நரம்பு மண்டலம். இதயத் துடிப்பு, குடலின் அசைவு, வியர்வை என்று நம்மைக் கேட்காமலே நடக்கும் காரியங்களைப் பார்த்துக்கொள்ள இதிலேயே ஒரு தனிப் பிரிவு உண்டு. பாடப் புத்தகம் இதை மரம் மாதிரிக் கிளைகிளையாக வரைந்து காட்டும். எனக்கு அந்தப் படத்தைவிட முக்கியமாகப் படுவது இந்த ஏற்பாட்டில் இருக்கும் அதிகாரப் பங்கீடு. காலைத் தூக்கும் உத்தரவைத் தண்டுவடம் தானே கொடுத்துவிடுகிறது. மறு காலை விறைக்கச் சொல்லும் உத்தரவும் அங்கிருந்தே போகிறது. மூளைக்குத் தகவல் மட்டும் அனுப்பப்படுகிறது. இந்த அனிச்சைச் செயலுக்கு உயர அதிகாரியின் கையெழுத்து தேவையில்லை.

அந்தத் தகவலும் ஒரே நேரத்தில் போய்ச் சேருவதில்லை. முள் குத்தினால் முதலில் சுருக்கென்று ஒரு வலி, சற்றுப் பொறுத்து ஊமையாய் எரியும் இன்னொரு வலி என்று இரண்டு தடவை வலிப்பதை எல்லோரும் உணர்ந்திருப்போம். இரண்டும் வேறு வேறு இழைகளில் வருகின்றன. முதல் வலியைக் கொண்டுவரும் இழை நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகம். இரண்டாவது வலியின் இழை மிக மெல்லியது. நொடிக்கு 1 மீட்டர் அளவு, மனிதன் நடக்கிற வேகம்தான். கால் எங்கே இருக்கிறது, எவ்வளவு மடங்கியிருக்கிறது என்று தசையிலிருந்து சொல்லும் தடித்த இழைகள் நொடிக்கு 80 மீட்டருக்கு மேலும் ஓடும். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் நரம்பின் வேகத்தை அளக்கவே முடியாது என்று பெரிய அறிஞர்களே நம்பினார்கள். 1850இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒரு தவளையின் காலில் அதை அளந்து, நொடிக்கு ஏறக்குறைய 27 மீட்டர் என்று சொன்னபோது பலருக்கு அதிர்ச்சி. எண்ணத்தின் வேகம் என்று நாம் கொண்டாடியது, வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஓடும் ஒரு காரின் வேகம்தான்.

இழைக்குள் ஓடுவது என்ன? மின்சாரம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் வீட்டுக் கம்பியில் ஓடும் மின்சாரத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. அதை விளக்க எனக்கு நாங்கள் குடியிருந்த லயத்தைவிட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை.

லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் ஒட்டியொட்டி நிற்கும் வீடுகளின் வரிசை. காலை நாலு மணிக்கு முதல் வீட்டில் தட்டுமுட்டுச் சத்தம் கேட்கும். பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, நேரமாகிறது என்று அடுத்த வீட்டம்மாள் எழுந்து விளக்கை ஏற்றுவார். அவர் அடுப்பை ஊதும் சத்தத்தில் அதற்கடுத்த வீடு விழிக்கும். இப்படியே கடைசி வீடுவரை விளக்குகள் வரிசையாக எரியும். தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு ஒரு வெளிச்சம் லயத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடுவதுபோல் தெரியும். உண்மையில் எந்த வெளிச்சமும் ஓடவில்லை. ஒவ்வொரு வீடும் தன் சொந்த மண்ணெண்ணெயில் தன் விளக்கை ஏற்றியது, அவ்வளவுதான். அதனால்தான் கடைசி வீட்டு விளக்கும் முதல் வீட்டு விளக்கின் அதே பிரகாசத்தோடு எரிந்தது.

நரம்பிழையில் நடப்பதும் இதுவே. இழையின் உறைக்கு உள்ளே வெளிப்பக்கத்தைவிட 70 மில்லிவோல்ட் அளவு எதிர்மின்னழுத்தம் எப்போதும் இருக்கும். உறையில் நுணுக்கமான புரதக் கதவுகள் உண்டு. ஓரிடத்தில் கதவு திறந்தால் வெளியே காத்திருக்கும் சோடியம் அயனிகள் உள்ளே பாயும், அந்த இடத்தின் மின்னழுத்தம் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குத் தலைகீழாக மாறும். அந்த மாற்றமே பக்கத்துக் கதவைத் தட்டித் திறக்கிறது. அங்கேயும் சோடியம் பாய்கிறது, அது அடுத்ததைத் தட்டுகிறது. திறந்து மூடிய கதவு உடனே மறுபடி திறக்காது. ஆகவே செய்தி வந்த வழியே திரும்பாமல் முன்னோக்கியே போகிறது. கணவாய் மீனின் உடலில் 1 மில்லிமீட்டர் வரை தடிக்கும் ஒரு ராட்சத நரம்பிழை இருக்கிறது. அதற்குள் மின்முனையைச் செருகி இந்தக் கணக்கையெல்லாம் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952இல் எழுதி முடித்தார்கள். 1963இல் நோபல் பரிசு வந்தது.

தடித்த இழைகளுக்கு மேல் மயலின் என்ற கொழுப்புப் போர்வை சுற்றியிருக்கும். ஏறக்குறைய மில்லிமீட்டருக்கு ஒரு இடைவெளியில் மட்டும் இழை வெளியே தெரியும், செய்தி அந்த இடைவெளிகளில் மட்டும் தாவித் தாவிப் போகும். பத்து வீட்டுக்கு ஒரு வீடு எழுந்து அடுத்த பத்தாவது வீட்டைக் கூவி எழுப்புவதுபோல. வேகம் கூடுவது இதனால்தான். இழை முடிகிற இடத்தில் ஒரு சின்ன வாய்க்கால் குறுக்கிடும். மில்லிமீட்டரின் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு அகலம். மின்துடிப்பு அதைத் தாண்டாது. அங்கே இழை முனை ஒரு ரசாயனத்தைக் கொட்டும், அக்கரையில் இருக்கும் உயிரணு அதை வாங்கிக்கொண்டு தன் விளக்கை ஏற்றும். தசைக்குப் போகும் நரம்பு கொட்டுவது அசிட்டைல்கோலின். முள் லேசாகக் குத்தினாலும் ஆழமாகக் குத்தினாலும் ஒவ்வொரு துடிப்பும் ஒரே அளவுதான். ஆழமாகக் குத்தினால் துடிப்புகள் அடுத்தடுத்து நெருக்கமாக வரும், கூடுதல் இழைகளிலும் வரும். குத்தின் பலத்தை மூளை அப்படித்தான் அறிகிறது.

இனி மண்ணெண்ணெய்க்கு வருகிறேன், என் விஷயமே அதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு துடிப்பும் கொஞ்சம் சோடியத்தை உள்ளே விட்டுவிடுகிறது. அதை வெளியே தள்ளிக்கொண்டே இருக்காவிட்டால் அடுத்த துடிப்புக்கு இடமில்லாமல் போகும். இழை நெடுகப் பதிந்திருக்கும் பம்புகள் ஒவ்வொரு சுற்றுக்கும் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கின்றன. தூங்கும்போதும் நிறுத்துவதில்லை. உடல் எடையில் 2 விழுக்காடே இருக்கும் மூளை, ஓய்வில் உடல் செலவழிக்கும் சக்தியில் 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்வதில் பெரும்பங்கு இந்த வேலைக்கு. நரம்பைக் கம்பி என்று சொல்லிப் பழகிவிட்டோம். கம்பி ஒரு தடவை இழுத்துக் கட்டினால் கிடக்கும். நரம்பு ஒவ்வொரு நிமிஷமும் சாப்பிட வேண்டும்.

சாப்பாடு எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதுதான் சிக்கல். கால் கட்டைவிரலின் தொடுவுணர்வைச் சுமக்கும் நரம்பணுவின் உடல் இடுப்புக்குக் கீழே முதுகெலும்பின் ஓரத்தில் இருக்கிறது. தலைமுடியின் பருமன் அளவே உள்ள ஒரு புள்ளி. அதிலிருந்து ஒரு கிளை கீழே கட்டைவிரல் வரை இறங்குகிறது. இன்னொரு கிளை தண்டுவடத்துக்குள் ஏறி, இடையில் எங்கும் நிற்காமல், பின்கழுத்துக்கு மேலே மூளைத்தண்டு வரை போகிறது. இரண்டும் ஒரே அணுவின் கைகள். ஏறக்குறைய ஓர் ஆள் உயரத்துக்கு ஒரே உயிரணு! உடலில் இதைவிட நீளமான உயிரணு கிடையாது. அணுவுடலை ஒரு தேங்காய் அளவுக்குப் பெரிதாக்கி ஈப்போ ரயில் நிலைய வாசலில் வைத்தால், காலுக்குப் போகும் கிளை புந்தோங் பக்கமாக 2 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும்.

இழையைப் பழுதுபார்க்கத் தேவையான புரதங்களில் பெரும்பாலானவை அந்தத் தேங்காய்க்குள்தான் தயாராகின்றன. அங்கிருந்து இழைக்குள் போட்டிருக்கும் தண்டவாளம் போன்ற குழல்களின் மேல் சரக்காக ஏற்றப்பட்டு முனைக்கு அனுப்பப்படுகின்றன. வேகச் சரக்கு நாளொன்றுக்கு 40 சென்டிமீட்டர் வரை போகும். கட்டைவிரலுக்கு இரண்டு மூன்று நாள். மெதுவான சரக்கு நாளுக்கு 1 மில்லிமீட்டர் மட்டுமே நகரும். இழையின் சட்டகத்தைக் கட்டும் சில புரதங்கள் இந்த வேகத்தில்தான் வருகின்றன. இன்று அம்மாவின் கால் நுனியை எட்டும் ஒரு புரதம் இரண்டு வருஷத்துக்கு மேலாக நடந்து வந்திருக்க வேண்டும். வழியில் எங்காவது சக்தி குறைந்தால், முதலில் பட்டினி கிடப்பது வரிசையின் கடைசி வீடு. நீண்ட நரம்பின் நுனி. அதாவது கால் விரல்.

இந்த உண்மையை உலகத்துக்குக் காட்டிக்கொடுத்த இடங்களில் நம் மண்ணும் ஒன்று. கிந்தா பள்ளத்தாக்கில் வெள்ளீயம் தோண்ட வந்த சீனத் தொழிலாளிகள் நூறு நூற்றிருபது வருஷத்துக்கு முன் இந்தக் கடைசி வீட்டுப் பட்டினியால் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். நோயின் பெயர் பெரிபெரி. பாதத்தில் மதமதப்பில் ஆரம்பிக்கும். கெண்டைக்காலை அழுத்தினால் உயிர் போகும் வலி. பிறகு பாதம் தொங்கிப் போகும், நடக்கும்போது முழங்காலை உயரத் தூக்கிப் பாதத்தைத் தொப்பென்று போடுவார்கள். குந்த வைத்தால் கையை ஊன்றாமல் எழ முடியாது. நோயைக் கண்டுபிடிக்க அதையே ஒரு சோதனையாக வைத்திருந்தார்கள். சிலருக்கு உடல் வீங்கி, இதயம் திணறி, சில நாளில் கதை முடிந்துவிடும். இவர்கள் நோஞ்சான்கள் இல்லை. காலையிலிருந்து மாலைவரை மண் சுமந்த இளவட்டங்கள்.

அதே பேராக்கில், அதே மழையில், சற்றுத் தள்ளியிருந்த தோட்டங்களில் தமிழர்களும் வேலை செய்தார்கள். மலேரியா அவர்களைக் கொன்றது. கொக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சியது. வயிற்றுக்கடுப்பு குழந்தைகளைக் கொண்டுபோனது. பெரிபெரி மட்டும் அவர்களைப் பெரும்பாலும் தொடவில்லை. கம்பத்து மலாய்க்காரர்களுக்கும் அது அபூர்வம். ஒரே நாட்டில் ஒரே தட்பவெப்பத்தில் மூன்று சமூகங்கள், நோயோ ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டது. நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராக இருந்த பிராடன் இதைக் கவனித்து, மூன்று பேரின் சோற்றுப் பானைக்குள்ளும் எட்டிப் பார்த்தார்.

சீனத் தொழிலாளி தின்றது ஆலையில் அரைத்துத் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. மலாய்க்காரர் வீட்டில் தேவைக்கேற்ப நெல்லை இடித்துச் சமைத்தார்கள். அதில் தவிடு கொஞ்சம் ஒட்டியிருக்கும். தமிழர் கேட்டு வாங்கித் தின்றது புழுங்கல் அரிசி. 1907இல் பிராடன் இதைப் பெரிய புத்தகமாகவே எழுதினார். தீட்டிய அரிசி பழசாகும்போது அதில் ஏதோ ஒரு நஞ்சு வளர்கிறது என்பது அவர் கணிப்பு. காரணத்தில் அவர் தவறினார், குற்றவாளியைச் சரியாகக் காட்டினார்.

அதே காலத்தில் கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் பிளெட்சர் என்ற மருத்துவர் ஒரு சோதனை செய்தார். 1905 டிசம்பரில் நோயாளிகளை உணவுக்கூடத்தில் வரிசையாக நிறுத்தி எண் கொடுத்தார். ஒற்றைப்படை எண்காரர்களுக்கு சயாம் வெள்ளையரிசி, இரட்டைப்படை எண்காரர்களுக்கு இந்தியப் புழுங்கல் அரிசி. பிரிவுக்கு 120 பேர் அளவில். பாதியில் இரு பிரிவினரின் கட்டடத்தையும் மாற்றிப் பார்த்தார், நோய் கட்டடத்தில் தங்கவில்லை, அரிசியைப் பின்தொடர்ந்து போனது. ஒரு வருஷத்தில் வெள்ளையரிசி தின்றவர்களில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கல் அரிசிப் பிரிவில் அந்த நோயால் ஒருவரும் சாகவில்லை. மருத்துவ வரலாற்றில் இந்தச் சோதனையைப் புகழ்ந்து எழுதுவார்கள். எனக்கு அந்த 18 பேரை விட்டு மேலே போக முடியவில்லை. சம்மதமா என்று அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. சொல்லத் தெரியாதவர்கள், பலர் ஊரும் உறவும் அற்றவர்கள். நம் நரம்பைப் பற்றி நாம் அறிந்ததில் ஒரு பகுதி அவர்கள் உயிரைக் கொடுத்து வாங்கியது.

அடுத்து கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டான்டனும், நெகிரி செம்பிலானில் காட்டுக்குள் ரோடு போட வந்த 300 ஜாவானியத் தொழிலாளிகளை இரண்டாகப் பிரித்து இதையே மறுபடி உறுதிசெய்தார்கள். 1909இல் முடிவு வெளிவந்தது. தீட்டி எடுத்த தவிட்டில்தான் காப்பாற்றும் பொருள் இருக்கிறது என்பதையும் கோழிகளை வைத்துக் காட்டினார்கள். கடலுக்கு அக்கரையில், இன்றைய ஜகார்த்தாவில், ஐக்மன் என்ற டச்சு மருத்துவர் 1890களிலேயே வெள்ளைச் சோறு தின்ற கோழிகளுக்குக் கால் விழுவதைக் கண்டிருந்தார். 1926இல் அதே ஜாவாவில் ஜான்சனும் டோனாத்தும் தவிட்டிலிருந்து அந்தப் பொருளைப் படிகமாகப் பிரித்தார்கள். 1936இல் அதன் அமைப்பை முழுதும் அறிந்து ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டியவர் ராபர்ட் வில்லியம்ஸ். அமெரிக்கர்தான், ஆனால் பிறந்தது அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில். பெயரிலேயே நெல் இருக்கும் ஊரில் பிறந்தவர் தவிட்டின் ரகசியத்தை முடித்துவைத்தார் என்பது எனக்குப் பிடித்த ஒற்றுமை.

அந்தப் பொருள் தையமின், வைட்டமின் பி1. சர்க்கரையை எரித்துச் சக்தியாக்கும் பாதையில் ஒரு முக்கியமான கதவுக்கு அதுவே சாவி. ஒரு நாளைக்கு நமக்குத் தேவை 1.2 மில்லிகிராம் அளவுதான். உடல் சேமித்து வைப்பதும் மிகக் குறைவு. வரவு நின்றால் இரண்டு மூன்று வாரத்தில் கையிருப்பு தீர்ந்துவிடும். சோறு அதிகம் தின்னத் தின்ன அதை எரிக்கத் தையமினும் அதிகம் வேண்டும். வெள்ளைச் சோறு மலையாய்க் குவித்துத் தின்று, மாடாய் உழைத்த சுரங்கத் தொழிலாளி மற்றவரைவிடச் சீக்கிரம் விழுந்தது இதனால்தான். வயிறு நிறைந்திருந்தது, நரம்பு பட்டினி கிடந்தது.

புழுங்கல் என்ன செய்கிறது? நெல்லை உமியோடு ஊறவைத்து, அவித்து, காயவைத்து, அப்புறம் குத்துகிறோம். ஊறும்போதும் அவியும்போதும் தவிட்டிலும் முளையிலும் இருக்கும் தையமினில் ஒரு பகுதி தண்ணீரோடு அரிசியின் உள்ளே இறங்கிப் பிடித்துக்கொள்கிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் முழுதும் போகாது. தஞ்சையிலும் திருச்சியிலும் முற்றத்து அண்டாவில் நெல் அவித்த பெண்களுக்குத் தையமின் தெரியாது. புழுங்கல் சோறு வயிற்றில் நிற்கும், கெடாது, பழையது நன்றாக இருக்கும், அவ்வளவுதான் தெரியும். அந்தப் பிடிவாதத்தோடு கப்பலேறி வந்ததால் ஒரு நோயிலிருந்தாவது தப்பினார்கள்.

பிடிவாதம் பிடிக்க முடியாத காலமும் வந்தது. ஜப்பான்காரன் காலத்தில் புழுங்கல் அரிசி வரத்து நின்று, மரவள்ளிக் கிழங்கே சாப்பாடானது. சயாம் மரண ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். காலரா, மலேரியா, வயிற்றுப்போக்கு என்று அங்கே மக்களைத் தின்ற நோய்களின் வரிசையில் பெரிபெரியும் இருந்தது. தமிழ் நரம்புக்குத் தனி வரம் எதுவும் இருக்கவில்லை.

கொப்புளம் ஆறியதும் அம்மாவை ஓர் அரசாங்க கிளினிக்குக் கூட்டிப் போனேன். அம்மாவுக்கு இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, 14 வருஷமாக இருக்கிறது. அங்கிருந்த தாதி மிசி ஒரு சின்னப் பிடியின் முனையில் மீன் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையை வைத்திருந்தார். 10 கிராம் அழுத்தம் பட்டதும் வளையும்படி செய்யப்பட்ட இழை அது. "பாட்டி, கண்ண மூடிக்குங்க. தொட்டா 'ஆம்'னு சொல்லுங்க."

கட்டைவிரலின் அடியில் இழை வளைந்தது. அம்மா பேசவில்லை. சுண்டுவிரல் அடியில் வளைந்தது. பேசவில்லை. முன்பாதத்தில் இரண்டு இடம். அம்மா கண்ணை மூடியபடியே, "எப்ப ஆரம்பிப்ப தாயி?" என்று கேட்டார். மிசி என்னை நிமிர்ந்து பார்த்தார். குதிகாலுக்கு மேலே வந்தபோதுதான் முதல் "ஆம்" வந்தது. பிறகு இசைக்கவையைத் தட்டி விரல் எலும்பில் வைத்தார். நொடிக்கு 128 தடவை அதிரும் கவை. அதுவும் அங்கே தெரியவில்லை, முழங்காலில் வைத்ததும் "கிர்ருங்குது" என்றார்.

கையில் வைத்துப் பார்த்தார். விரல் நுனி எல்லாமே நன்றாக இருந்தன. கழுத்திலிருந்து கைவிரலுக்குப் போகும் இழை காலுக்குப் போவதைவிடக் குட்டை. மதமதப்பு காலில் ஏறி முழங்காலை நெருங்கும்போதுதான் பொதுவாகக் கைவிரல் நுனியில் ஆரம்பிக்கும், அந்த இரண்டு நரம்பின் நீளமும் அப்போது சமமாகிவிடுவதால். காலுறையும் கையுறையும் போட்ட மாதிரி நோய் பரவும் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். பெரிபெரிக்காரரின் உடலில் வரைந்த வரைபடமும் இதேதான்.

காரணம் வேறு. அன்று சர்க்கரையை எரிக்கும் சாவி இல்லை. இன்று சர்க்கரை எரித்துத் தீராத அளவுக்கு இரத்தத்தில் நிற்கிறது. நரம்புக்குச் சோறு கொண்டுபோகும் மயிரிழை போன்ற இரத்தக் குழாய்களை அது கெடுக்கிறது. நரம்பணுவுக்குள் வேண்டாத ரசாயனங்களாக மாறித் தேங்குகிறது. சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவைச் சோர வைக்கிறது. தண்டவாளத்தில் சரக்கு தாமதமாகிறது. கடைசி வீட்டில் விளக்கு எரியவில்லை. 2019ஆம் ஆண்டு தேசிய உடல்நல ஆய்வில் மலேசியாவில் 18 வயது தாண்டியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களிடையே விகிதம் அதைவிட நிறைய அதிகம். தோட்டம் துண்டாடப்பட்டு, செம்பனையும் வீடமைப்புத் திட்டமும் வந்து, 400 மரம் நடந்து நடந்து சீவியவர்கள் நகரத்து அடுக்கு வீடுகளில் உட்கார்ந்துவிட்டார்கள். நடை நின்றது. சோறும் பால் கலந்த இனிப்புத் தேயும் நிற்கவில்லை. எங்கள் வீட்டுப் பானையிலும் இப்போது வெள்ளையரிசிதான்.

நீண்ட நாள் மெட்பார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறைய வாய்ப்புண்டு, அதுவும் இதே மாதிரி நரம்பைக் கெடுக்கும் என்று டாக்டர் இரத்தம் எடுக்கச் சொன்னார். இது பலர் கேட்டறியாத விஷயம். கேட்டுப் பரிசோதித்துக்கொள்ளலாம். அறுந்த புற நரம்பு நல்ல சூழ்நிலையில் மறுபடி வளரும் வேகம் நாளுக்கு 1 மில்லிமீட்டர்தான், அம்மாவின் பாதம் பழையபடி ஆகும் என்று டாக்டர் வாக்குக் கொடுக்கவில்லை. இனி அந்தப் பாதத்துக்கு அதன் சொந்தக் கண் இல்லை, வேறு யாராவது பார்க்க வேண்டும். ராத்திரி படுக்கும் முன் கைப்பேசி விளக்கை அடித்து விரல் இடுக்கு, குதிகால், உள்ளங்கால் என்று நான் பார்க்கிறேன். வெட்டு, கொப்புளம், நிறம் மாறிய இடம். தார் ரோட்டில் கழலாதபடி பின்வார் வைத்த செருப்பு வாங்கியிருக்கிறோம்.

போன மாதம் சுங்கை சிப்புட்டுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில், மண்டபத்துக்குப் பின்னால் வேலியோரம் பழைய ரப்பர் மரம் ஒன்று தப்பி நின்றது. பட்டையெல்லாம் பழைய வெட்டுத் தழும்பு. அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு, காலைத் தேடித் தேடி வைத்து அதனிடம் போனார். பால் வருவது பட்டையின் உள்ளடுக்கிலிருந்து. கட்டைக்கு 1 மில்லிமீட்டர் மிச்சம் வைத்து உளியை நிறுத்த வேண்டும். வெட்டின் ஆழம் குறைந்தால் பால் வராது, கூடினால் மரம் காயப்பட்டு முண்டு கட்டும். இருட்டில், ஒரு நாளைக்கு 400 தடவை, அந்த ஒரு மில்லிமீட்டரைக் கையின் நரம்புகளும் சிறுமூளையும் சேர்ந்து அளந்தன. மண்டபத்துச் சமையல்காரரிடம் வாங்கிய சின்னக் கத்தியைச் சாய்த்துப் பிடித்து, பழைய தழும்பின் விளிம்பில் இடமிருந்து வலமாக ஒரே இழுப்பு இழுத்தார். சுருண்ட பட்டை கீழே விழுந்தது. கோடு நெடுக வெள்ளையாய்ப் புள்ளிகள் அரும்பி, ஒன்றோடொன்று சேர்ந்து வழிய ஆரம்பித்தன. அம்மா விரலை வைத்துப் பார்த்தார். "கட்டையத் தொடல" என்றார்.